ஊக்கமில்லையாம் எங்களுக்கு!

மொன்றியலில் இருபது வருசம் இருந்தும் எங்கட சனத்துக்குப் பிரெஞ்சு வராததுக்குக் காரணம் ஊக்கமின்மையாம். கியூபெக்காரன் மட்டுமில்லை, பிள்ளைகளை நல்லாப் படிப்பிச்செடுத்த எங்கட ஆக்களும் உதைத்தான் சொல்லுகினம்.

வேற்றுமொழி படிக்கிறவனின்ர ஊக்கத்தை அளக்கிற ஆராய்ச்சிக்கும் இந்த ஊர்தான் பேர்போனது. மக்கில் பல்கலைக்கழகத்து வாலஸ் லம்பேட்டும் ரொபேட் கார்ட்னரும் 1959இல் ஒரு கட்டுரை எழுதிச்சினம். அந்த மொழிச் சனத்தோட சேர்ந்து பழக விரும்பிப் படிக்கிறவன் ஒரு ரகம், வேலை மாதிரி ஏதும் பிரயோசனத்துக்காகப் படிக்கிறவன் மற்ற ரகம். முதல் ரகம்தான் கூடக் கெட்டியாம். சரி, ஆரை வைச்சு ஆராய்ஞ்சவை? இந்த நகரத்தின்ர ஆங்கிலம் பேசுற உயர்பள்ளி மாணவரை. பிரெஞ்சு வராட்டிலும் அவைக்குச் சாப்பாடு மேசைக்கு வரும். பத்து மணித்தியாலம் கோப்பை கழுவிப்போட்டு வாறவனை அந்தக் கோலால அளக்கேலுமோ?

பிறகு வந்தது கற்றல் பாணி. பார்த்துப் படிக்கிறனியோ, கேட்டோ, செய்தோ எண்டு வகுப்பில படிவம் நீட்டுவினம். ஆசியாக்காரன் பாடமாக்குவான், வாய் திறக்கமாட்டான் எண்டும் ஒரு தீர்ப்பு. 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் வேறு உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைக் கிளறிப் பார்த்து, பாணிக்கேற்பப் படிப்பிக்கிறதுக்குப் போதிய சான்றில்லை எண்டு எழுதிப்போட்டினம். அந்த வாய் திறக்காதவன் குசினியில கொதிக்கிற சட்டியோட "ஷோ! டெரியேர்!" எண்டு கத்திறதை ஒருக்கால் வந்து கேளுங்கோ. அவன் கேட்கிறது கிழமைக்குக் கிழமை மாறுற வேலை நேரத்துக்கேத்த ஒரு வகுப்பு, அவ்வளவுதான்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது சிங்களம் படியாத அப்பப்பாமார் மறுத்தவை. நாங்கள் இங்கை மறுக்கேல்லை. (நான் கம்பஸைப் பாதியில விட்டதும் ஊக்கம் குறைஞ்சோ? சண்டை எண்டொண்டு நடந்தது, தெரியுமல்லோ.)

2022இல் வந்த 96ஆம் சட்டப்படி, புதிதாய் வந்தவனோட ஆறு மாதத்துக்குப் பிறகு, சில விதிவிலக்குத் தவிர, அரசாங்கம் பிரெஞ்சில்தான் கதைக்கும். 2024 இலையுதிர்காலத்தில, காசு முடிஞ்சுதெண்டு வளர்ந்தவைக்கான பிரெஞ்சு வகுப்புகளை மூடிச்சினம். இடம் கேட்டு வரிசையில நிண்டவனுக்கா ஊக்கமில்லை?

எங்கட ஆக்களுக்கும் ஒண்டு. உங்கட பிள்ளைகள் பிரெஞ்சை வெளுத்து வாங்குதுகள். 1977இன் 101ஆம் சட்டம் அதுகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிச்சுது, பகல் முழுக்க, வருசக்கணக்கா, காசில்லாமல். அதுகளிட்ட ஊக்கம் இருக்கோ எண்டு ஆரும் படிவம் நீட்டிக் கேட்டுத்தான் சேர்த்தவையோ?