சித்தூர் கடலையும் தில்லியின் விதை மசோதாவும்

புது தில்லி: சிறு விவசாயி சான்று பெற்ற விதைக்குச் செலவிடத் தயங்குகிறார், வீட்டில் சேமித்ததையே திரும்பத் திரும்ப விதைக்கிறார், எண்ணெய் வித்துகளின் மகசூல் உயராததற்கு இதுவே காரணம். தலைநகரில் அடிக்கடி கேட்கும் விளக்கம் இது. ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்ட நிலக்கடலைச் சாகுபடியைப் பார்த்தால், இதில் பாதிதான் உண்மை என்பது புலப்படும்.

2022 ஏப்ரலில் பிரிக்கப்படும்வரை திருப்பதி நகரும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்ற மதனப்பள்ளியும் அப்படியே. அங்குள்ள தக்காளி விவசாயி, தனியார் நிறுவனங்களின் வீரிய ஒட்டு விதையைப் பருவந்தோறும் காசு கொடுத்து வாங்குகிறார். ஏக்கருக்கு 40 முதல் 60 கிராம் போதும். சட்டைப் பையில் அடங்கிவிடும். விலை அதிகம்தான். ஆனாலும் சேமித்த விதையை விதைத்தால் அடுத்த பயிரில் குணம் மாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆக, விதைக்குப் பணம் கொடுக்கும் மனம் இல்லை என்ற வாதம் இங்கு எடுபடாது.

நிலக்கடலையின் கணக்கு வேறு. ஏக்கருக்கு 50 முதல் 80 கிலோ பருப்பு வேண்டும். மானாவாரிச் சாகுபடியில் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று விதைதான். மழை பொய்த்தால் அத்தனையும் மண்ணோடு போகும். கடலை தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால், சேமித்த விதையிலும் ரகத்தின் குணம் பெரிதாகக் கெடாது. அப்படியிருக்க, கூடுதல் விலை எதற்கு என்று விவசாயி கேட்பதில் தவறில்லை. திண்டிவனத்தில் உருவாகி 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 ரகம் ராயலசீமாவில் தலைமுறைகளைக் கடந்தும் நிலைத்தது இதனால்தான். கதிரி 6 ரகமும், திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த நாராயணி, வறட்சியைத் தாங்கும் தரணி ஆகியவையும் பின்னர் வந்தன.

சேமித்து வைப்பதும் எல்லோராலும் முடிவதில்லை. அறுவடை முடிந்ததும் கடனுக்காக மொத்தக் கடலையையும் விற்றுவிடும் சிறு விவசாயி, ஜூன் மழைக்கு முன் விதைக்காக மீண்டும் சந்தைக்கு வருகிறார். வீட்டில் வைத்திருந்தாலும் வண்டு துளைக்கும், முளைப்புத்திறன் குறையும்.

இந்த இடத்தில்தான் அரசின் மானிய விதை வருகிறது. மாநில விதை வளர்ச்சிக் கழகம் 40 சதவீத மானியத்தில் கடலை விதை வழங்கியபோது ராயலசீமாவில் நீண்ட வரிசைகள் நின்றன. 2020-ல் தொடங்கிய ரைது பரோசா கேந்திரங்கள் விநியோகத்தைக் கிராமத்துக்கே கொண்டுசென்றன. 2024 ஆட்சி மாற்றத்துக்குப்பின் அவை ரைது சேவா கேந்திரங்கள் ஆயின.

அந்த வரிசையைச் சான்று விதைக்கான வரவேற்பு என எடுத்துக்கொள்ள முடியாது. வியாபாரிகளிடம் கொள்முதல் செய்த கடலையே சலித்து விதை மூட்டையில் வருகிறது என்பது விவசாயச் சங்கங்களின் பழைய புகார். முறையான சான்று விதையோ பெருகுவதற்கே காலம் பிடிக்கும். வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என மூன்று படிகளைக் கடக்க வேண்டும். நெல்லில் ஒரு கிலோ விதை 80 கிலோவுக்கு மேல் தரும்; கடலையில் கிடைப்பது 8 முதல் 10 கிலோதான். லாபம் குறைவு என்பதால் தனியார் நிறுவனங்களும் பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை.

1966-ம் ஆண்டின் விதைச் சட்டப்படி சான்று பெறுவது கட்டாயமல்ல. அறிவிக்கப்பட்ட ரகங்களுக்கு விவர அட்டை இருந்தால் போதும். நீல அட்டை பெறும் சான்றுக் கடலைக்கே குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம் என்பதுதான் விதி. நூற்றில் முப்பது முளைக்காமல் போனாலும் விதை தரமானதே. ஈரச் சாக்கில் முளைகட்டிப் பார்க்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும்.

2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் கருத்துக் கேட்புக்கு வெளியிட்ட விதை மசோதா வரைவு, ரகப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. கடும் குற்றங்களுக்கு ரூ. 30 லட்சம் வரை அபராதமும் சிறையும் விதிக்கிறது. விதை எங்கிருந்து வந்தது என்பதைப் பொட்டலத்தின் மீதுள்ள கியூ.ஆர். குறியீடு சொல்லுமாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முளைக்காத நிலத்துக்கு இழப்பீடு பெற எளிய வழி அதில் இல்லை என்கின்றன சங்கங்கள். தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக ஆந்திர விவசாயிகள் நடத்திய வழக்கில், நுகர்வோர் மன்றத்தை அவர்கள் நாடலாம் என 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஏக்கர் கடலைக்காக மன்றப் படியேறுவோர் எத்தனை பேர்?

சமையல் எண்ணெய்த் தேவையில் 57 சதவீதம் இறக்குமதி என்று கூறித்தான் 2024 அக்டோபரில் ரூ. 10,103 கோடியில் எண்ணெய் வித்துகள் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் 65 புதிய விதை மையங்களுக்கும் 50 விதைச் சேமிப்பு அலகுகளுக்கும் இடமுண்டு. சித்தூர் விவசாயியைப் பொறுத்தவரை மசோதாவைவிட இதுவே முக்கியம். கிணற்றுப் பாசனத்தில் ரபி பருவத்தில் விளையும் கடலைதான் அடுத்த கரீப் பருவத்துக்குப் புத்தம் புது விதை. அதை உள்ளூரிலேயே விதைப் பண்ணைகளாக வளர்த்து, சோதித்து, மே மாதத்துக்குள் கிராமத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால், நீல அட்டையோடு மூட்டை வந்து இறங்கும்போது, விவசாயி பக்கத்து வீட்டுக் கடலையை வாங்கி விதைத்து முடித்திருப்பார்.