நமது பேரை நாமே வாசிப்போம்



வேலையிலிருந்து ஓய்வுபெறும் வயதில் எமது காரியாலயத்துக்கு வரும் தாய்மார் பலர் ஒரு பொலித்தீன் பையோடுதான் வருகிறார்கள். பைக்குள் தேசிய அடையாள அட்டை, பழைய சம்பளத் துண்டுகள், சேமலாப நிதி சம்பந்தமாக வந்த ஒன்றிரண்டு கடிதங்கள் இருக்கும். பையை மேசையில் வைத்துவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்கய்யா" என்பார்கள். மழையிலும் அட்டைக் கடியிலும் முப்பது வருடம் மலையேறி உழைத்த உழைப்பின் கணக்கு அந்தப் பைக்குள் இருக்கிறது. அதை அவர்கள் ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை.

பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே சிக்கல்தான். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர். வேலைக்குப் பதிந்த நாளில் லயத்தில் கூப்பிடும் பேரைக் கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டார். அடையாள அட்டையிலோ பிறப்புச் சான்றிதழில் உள்ள பேர். சிலருக்கு ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். சிலருக்குத் தகப்பன் பேர் இருக்கவேண்டிய இடத்தில் புருஷன் பேர் இருக்கும். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி வேண்டும், கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும், தோட்டக் காரியாலயத்தின் உறுதிப்படுத்தல் வேண்டும். பஸ் காசும் அலைச்சலும் தனி. மகளின் கல்யாணத்துக்கோ கூரைத் தகரத்துக்கோ நினைத்து வைத்திருந்த பணம், மாதக்கணக்கில் கைக்கு வராமல் கிடக்கும்.

"ஏம்மா, இத்தனை வருசத்துல ஒருதடவையாவது பாக்கலையா?" என்று கேட்டால், வரும் பதில் இதுதான்: "தலைவர் பாத்துக்குவாருன்னு இருந்துட்டேங்க."

இந்தப் பதிலைப் பற்றித்தான் இம்முறை எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்குக் கூடுதலாக ஓர் அர்த்தம் உண்டு. நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். மாதம் முடிந்ததும் "எத்தனை பேர் விழுந்திருக்கு?" என்றுதான் கேட்போம். நமக்குப் பேர் என்பது சம்பளம், சேமலாபம், பணிக்கொடை எல்லாம் சேர்ந்த ஒன்று. அப்படிப்பட்ட பேரை வேறொருவர் எழுதி, வேறொருவர் வாசித்து, வேறொருவர் கணக்குப் பார்க்கும்படி விட்டுவிட்டு நாம் உழைப்பை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பழக்கம் நமது பிறவிக் குணமல்ல. அது நம்மீது ஏற்றி வைக்கப்பட்ட ஒன்று. ஆரம்ப காலத்தில் ஆளைக் கூட்டி வந்தவரும் கங்காணி, முன்பணம் கொடுத்தவரும் கங்காணி, துரையிடம் பேசியவரும் கங்காணி. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவரது கடனைக் குறித்த "துண்டு" ஒன்று வேண்டியிருந்தது. தன்னையும் தன் குடும்பத்தையும் கட்டிப்போட்ட அந்தக் கடதாசியில் என்ன இருக்கிறது என்பதை அந்தத் தொழிலாளியால் வாசிக்க முடியவில்லை. அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுதான் ஒழிந்தது. பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003இல். ஐம்பத்தைந்து வருட காலம், அரசாங்கக் கந்தோர் ஒன்றின் வாசலில் நின்று "எனக்கு உரிமை இருக்கிறது" என்று சொல்லப் பலருக்கு ஒரு காகிதம்கூட இருக்கவில்லை. அப்படி வளர்ந்த தலைமுறை, தன் பிள்ளைகளுக்கும் "பேசாம இரு, பெரியவங்க பேசுவாங்க" என்று சொல்லிக்கொடுத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதே காலத்தில் பேசியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாதிருந்த நாளில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போய் மக்களின் நிலையைக் கண்டு எழுதினார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்து உரிமையை விளக்கினார். 1940 ஜனவரியில் முல்லோயாப் போராட்டத்தில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1984இல் நடந்த வேலைநிறுத்தத்தின் பின்னர்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது கைகூடியது. அதுவரை ஒரே மலையில் நின்ற பெண்ணுக்குக் குறைந்த கூலி. 2023இல், நமது இருநூறு வருட வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். "நாங்கள் யார், எங்களுக்கு என்ன வேண்டும்" என்பதைத் தங்கள் வாயாலேயே சொல்லிக்கொண்டு நடந்தார்கள்.

இன்று நகரங்களில் தன்னம்பிக்கை வகுப்புகள் நிறைய நடக்கின்றன. "உன்னால் முடியும்" என்று மேடையில் சொல்கிறார்கள், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அதை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் எமது அனுபவத்தில் நம்பிக்கை வேறு வழியாக வருவதையே கண்டிருக்கிறோம். தன் கணக்கு தனக்குத் தெரிந்த பெண்ணுக்கு மடுவத்தில் பேசும்போது குரல் நடுங்குவதில்லை. "இன்னைக்கு எனக்கு எத்தனை கிலோ எழுதியிருக்கீங்க?" என்று தராசடியில் முதல்தடவை கேட்கும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். மூன்றாம் நாள் அது சாதாரணமாகிவிடும். பத்தாம் நாள் பக்கத்தில் நிற்பவளும் கேட்பாள். சுய தலைமைத்துவம் என்று பெரிய வார்த்தையில் சொல்வது, எமக்குத் தெரிந்தவரை இதைத்தான்.

ஆகவே இந்த மாதம் நமது அங்கத்தவர் ஒவ்வொருவரும் நான்கு வேலைகளைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, பேரைச் சரிபாருங்கள். அடையாள அட்டையையும் சம்பளத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிழை இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது. ஓய்வுபெற்ற பிறகு திருத்துவது இரட்டை வேலை.

இரண்டாவது, கணக்கைப் படியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, தோட்ட நிர்வாகம் தன் பங்காக நூற்றுக்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மட்டும் நூற்றுக்கு 3. மாதச் சம்பளம் 30,000 ரூபா என்றால் உங்களிடம் கழிப்பது 2,400, நிர்வாகம் போடுவது 3,600. ஆக 6,000 ரூபா சேமலாப நிதிக்குப் போக வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 900 ரூபா தனி. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ளலாம். பணிக்கொடை வேறு. 1983இன் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம் சேரும். முப்பது வருடம் என்றால் 420 நாள் சம்பளம். வேலையை விட்டு 30 நாளுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும். துண்டு ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளையை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

மூன்றாவது, அன்றன்று குறித்து வையுங்கள். எத்தனை கிலோ நிறுத்தார்கள், கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள், பேரா அரைப்பேரா என்று தினமும் ஒரு வரி போதும். எழுதத் தெரியாதவர் பிள்ளையைக்கொண்டு எழுதிக்கொள்ளலாம். மாத முடிவில் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சந்தேகம் இருந்த இடத்தில் கணக்கு இருக்கும். சந்தேகத்தோடு போனால் விரட்டிவிடலாம். கணக்கோடு போனவரிடம் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான்காவது, ஒரு கடிதமாவது உங்கள் பேரில் எழுதுங்கள். அரசாங்கக் காரியாலயங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பிரதேச சபையிடமோ பிரதேச செயலகத்திடமோ நமது பாதைக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் என்ன நடந்தது என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். கோரிக்கையை ஏற்பதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் முடிவைச் சொல்ல வேண்டும். கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரணதரப் பரீட்சையில் சித்தியடையாததும் "இனி கொழும்புல கடைதான்" என்று பஸ் ஏறிவிடும் தம்பிமாரைப் பார்க்கிறோம். கடையில் வேலை செய்வதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் பத்து வருடம் மேசன் வேலையோ மின்சார வேலையோ செய்துவிட்டு, கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் திரும்புவது நட்டம். வேலை செய்து பெற்ற அனுபவத்தையே மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலும் விசாரியுங்கள். சிங்களம் பேசப் பழகும்போது எழுதவும் சேர்த்துப் பழகுங்கள். கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களை மேற்பார்க்கும் கங்காணியும் சுப்பவைசரும் பெரும்பாலும் ஆண்கள். மலையின் ஒவ்வொரு வரிசையையும் அறிந்த பெண்ணுக்கு அந்த வேலை தெரியாதா? இடம் காலியாகும்போது விண்ணப்பியுங்கள். "நமக்கெல்லாம் குடுப்பாங்களா" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

இங்கே இரண்டு விடயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

தன்னம்பிக்கை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. நாட்சம்பளமும் காணியும் வீடும் தனியாள் ஒருவரின் முயற்சியால் கிடைப்பவை அல்ல. "நீ முன்னேறாததற்கு நீயே காரணம்" என்று தொழிலாளியிடம் சொல்பவருக்கு இந்தத் தலையங்கம் துணை நிற்காது. கேள்வி கேட்டவரை மோசமான மலைக்கு அனுப்புவதும், நாளைக்கு வேலை இல்லை என்று மிரட்டுவதும் நடக்கிறது என்பது எமக்குத் தெரியும். அதனால்தான் தனியாகப் போக வேண்டாம் என்கிறோம். இரண்டு பேராகப் போங்கள். கேட்ட திகதியைக் குறித்து வையுங்கள். மிரட்டல் வந்தால் அன்றே தோட்டக் கமிட்டிக்கு அறிவியுங்கள். அங்கேதான் சங்கம் முன்னால் நிற்க வேண்டும்.

மற்றது எம்மைப் பற்றியது. "நீங்க போங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிச் சொல்லியே அங்கத்தவரை வாய் திறக்காதவராக்கியதில் தொழிற்சங்கங்களுக்கும் பங்கு உண்டு. எமக்கும் உண்டு. கங்காணி பேசிய இடத்தில் தலைவர் பேசினார், தொழிலாளி அப்போதும் பின்னாலேயே நின்றார். பெண்கள் அதிகமாகச் சந்தா கட்டும் சங்கத்தின் மேடையில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் எமக்கே வெட்கமாக இருக்கிறது. இதை மாற்றத் தோட்டக் கமிட்டிகளிடம் இரண்டு விடயங்களைக் கேட்கிறோம். சம்பளம் போட்ட வாரத்தில் ஒரு மாலை எல்லோரும் கூடித் துண்டு வாசிக்கும் கூட்டம் நடத்துங்கள். துரையிடம் பேசப் போகும் ஒவ்வொரு குழுவிலும், பிரச்சினைக்கு உரிய தொழிலாளியே முதலில் பேசட்டும். தலைவர் பக்கத்தில் நின்று விட்ட குறையைச் சொல்லட்டும்.

அன்று நமது பாட்டன் பூட்டனைக் கட்டிப்போட்ட துண்டை வாசிக்க அவர்களுக்கு எழுத்தறிவு இருக்கவில்லை. இன்று நமது சம்பளத் துண்டை வாசிக்க, லயத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது இருக்கிறது. இந்த மாதத் துண்டு கைக்கு வந்ததும் பைக்குள் மடித்து வைத்துவிடாதீர்கள். விளக்கடியில் வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசியுங்கள். அதில் சங்கச் சந்தா என்றும் ஒரு வரி இருக்கும். அந்தக் காசுக்கு என்ன செய்தீர்கள் என்று எம்மிடமும் வந்து கேளுங்கள். பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு