செல்லங்களுக்கும் ஒரு காலண்டர்!

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் கேஸ் புக் செய்த தேதி, பால்கார அண்ணனுக்குப் பாக்கி, கரன்ட் பில் கட்ட வேண்டிய கடைசி நாள் என எல்லாவற்றையும் குறித்து வைத்திருப்போம். ‘உங்கள் டாமிக்கு அடுத்த தடுப்பூசி எப்போது?’ என்று கேட்டால் மட்டும், ‘போன வருஷம் ஏதோ போட்ட ஞாபகம்...’ என்று இழுப்போம்.

நாயும் பூனையும் வாய்விட்டுச் சொல்லாது. அதிலும் பூனை, உடம்பு முடியாததை மறைப்பதில் கெட்டிக்காரி. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். ‘தூங்குகிறது’ என்று நாம் விட்டுவிடுவோம். அதனால் நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, எந்த மாதத்தில் எது வரும் என்று தெரிந்து முன்கூட்டியே தயாராக இருப்பதுதான் புத்திசாலித்தனம். இந்த வாரம் சித்திரையிலிருந்து ஒரு சுற்று வந்துவிடலாமா?

சித்திரை, வைகாசி: வெயில்

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான். மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் அது வெளியேற்ற வேண்டும். மூக்கு சப்பையான பக், புல்டாக், ஷிட்சூ வகைகளுக்கும் பெர்ஷியன் பூனைகளுக்கும் அந்த மூச்சே சிரமம். பனிப்பிரதேசத்து ஹஸ்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அக்னி நட்சத்திர நாட்களில் வாக்கிங்கைக் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் வெயில் இறங்கியதும் உடனே கிளம்ப வேண்டாம். தார் ரோடு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்து 5 விநாடி தாங்க முடிகிறதா என்று பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

‘ஐந்து நிமிஷம் கடைக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று காருக்குள் விட்டுப் போவது மிகப் பெரிய ஆபத்து. நிழலில் நிறுத்தினாலும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும், 10 நிமிடத்தில் காருக்குள் சூடு சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்.

நாயின் இயல்பான உடல் சூடு சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. விடாமல் மூச்சிரைத்து, எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு சிவந்து, தள்ளாடினால் அது வெயில் தாக்கு. உடனே நிழலுக்குத் தூக்கி வந்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ‘வெயிலாச்சே’ என்று ரோமத்தைத் தோல் தெரிய மழிப்பதும் வேண்டாம். வெயில் நேரடியாகத் தோலைச் சுடும்.

ஆடி முதல் கார்த்திகை வரை: உண்ணியும் மழையும்

நம் ஊர் வெக்கையும் ஈரமும் உண்ணிக்குக் கொண்டாட்டம். நாயின் காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்குக் கீழே தினமும் தடவிப் பாருங்கள். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதுவும் நாயின் மேல் அல்ல. சுவர் வெடிப்பிலும், நாய் படுக்கும் சாக்கிலும், கதவு இடுக்கிலும். அதனால்தான் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பத்து நாளில் மறுபடி வந்து நிற்கிறது. படுக்கையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுவதும், வெடிப்புகளை அடைப்பதும் வைத்தியத்தில் பாதி.

உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சாப்பிடாது, சோர்ந்து கிடக்கும், ஈறு வெளுக்கும். சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். சீக்கிரம் பார்த்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. நாய்களுக்கான சில மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். உடம்பு வெட்டி வெட்டி இழுத்து உயிரே போய்விடும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால், நாய்க்கு மருந்து போட்ட அன்று பூனையை அதன் பக்கத்தில் படுக்கவிடாதீர்கள்.

மழை பிடித்துவிட்டால் அடுத்த கவலை எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரை நக்கினாலோ, அதில் நடந்தாலோ தொற்றும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பாதிக்கப்பட்ட நாயின் சிறுநீரிலிருந்து நமக்கும் வரலாம். வெளியே போய் வந்ததும் காலைக் கழுவித் துடைத்துவிடுங்கள். இதற்குத் தடுப்பூசி உண்டு; வருடா வருடம் போட வேண்டும்.

மழைக்காலத்தில் தெருப் பூனைகள் கதகதப்புக்காகக் கார் இன்ஜினுக்குள் போய்ப் படுக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். ஓர் உயிரைக் காப்பாற்ற அது போதும்.

தீபாவளி: சத்தம்

நமக்குக் கேட்கும் ஒலி 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். நாய்க்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பூனைக்கு இன்னும் அதிகம். நமக்கு ‘டமார்’ என்றால் அதற்கு எப்படி இருக்கும்! பயத்தில் கேட்டைத் தாண்டி ஓடித் தொலைந்து போகும் நாய்கள் எத்தனையோ.

அன்று மாலைக்குள் வாக்கிங், சாப்பாடு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். உள்பக்க அறை ஒன்றில் ஜன்னலை மூடி, ஃபேன், டி.வி. சத்தத்தோடு வையுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். அதற்கு அங்கேதான் தைரியம். மொட்டை மாடியில் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பது கொடுமை. போன வருடம் நடுங்கி, சிறுநீர் கழித்து, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த நாய் என்றால், பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். பயத்தைக் குறைக்கும் மருந்து இருக்கிறது. நாமாகத் தூக்க மாத்திரை கொடுக்கக் கூடாது.

கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் பொறித்த வில்லை இருக்கட்டும். அரிசி மணி அளவே உள்ள மைக்ரோசிப்பைத் தோலுக்கு அடியில் பொருத்திவிட்டால், பட்டை அறுந்து போனாலும் அடையாளம் போகாது.

பன்னிரண்டு மாதமும்: அடுக்களையும் அலமாரியும்

சர்க்கரைப் பொங்கலில் இருக்கும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்; நேற்றைய சாம்பார் சாதம் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சாக்லேட், அதிலும் கறுப்பு சாக்லேட், இதயத்தைப் பாதிக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

பூனையைத் தயிர் சாதத்தில் வளர்க்கிறேன் என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் உண்டு. பூனை அசைவப் பிராணி. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். பூனையின் உடம்பால் அதைப் போதிய அளவு தயாரிக்க முடியாது. அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். உங்கள் சமையலறையில் அசைவம் இல்லை என்றால், பூனைக்கென்றே தயாரித்த உணவை வாங்கி வையுங்கள். பால் குடித்ததும் வயிற்றுப்போக்கு வந்தால் பாலையும் நிறுத்திவிடலாம். அதற்குத் தண்ணீரே போதும்.

காய்ச்சல் என்று நாம் போடும் பாராசிட்டமால், ஒரே ஒரு மாத்திரை, பூனையைக் கொன்றுவிடும். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலும் ஆபத்து. தரை நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். அலமாரி அந்துருண்டை, எலி மருந்து இரண்டும் விஷம். எலி மருந்து தின்ற நாய் இரண்டு, மூன்று நாள் நன்றாகவே விளையாடும். பிறகுதான் உள்ளுக்குள் ரத்தம் கசியும். அதனால் தின்றது தெரிந்த அன்றே ஓடுங்கள், பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு. தையல் நூலையோ பூ கட்டும் நாரையோ விழுங்கிய பூனையின் வாயில் நுனி தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே குடல் கிழிந்துவிடும்.

ஊசி விஷயத்தில் சமாதானம் வேண்டாம்

குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். குடற்புழு மருந்து 3 மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 6 மாதம்வரை மாதம் ஒரு முறை, பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை.

ரேபிஸ் ஊசி 3 மாதம் முடிந்ததும், பிறகு டாக்டர் சொல்லும்படி வருடா வருடம். ‘எங்கள் பூனை வீட்டைத் தாண்டாது’ என்பவர்களும் போட வேண்டும். பணம் தடையாக இருக்க வேண்டாம். அரசு கால்நடை மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் பெரிய சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

ரேபிஸின் அறிகுறி மனிதருக்குத் தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். நாயோ பூனையோ கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், ‘நம் வீட்டுக் குட்டிதானே’ என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித்தூள் எதையும் அப்பக் கூடாது. குழந்தைகள் அடிக்குப் பயந்து கடிபட்டதை மறைப்பார்கள். ‘கடித்தால் திட்ட மாட்டேன், உடனே சொல்’ என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

* ஆண் பூனை மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, சொட்டுகூட வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் இல்லை. பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போகும்.
* கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீராகக் குடித்து, சோர்ந்து, துர்நாற்றத்தோடு கசிவு இருந்தால், கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். உரிய வயதில் கருத்தடை செய்துவிட்டால் இந்தப் பயமே இல்லை.
* குட்டிக்கு வாந்தியோடு ரத்தமாகப் போனால்.
* வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால்.
* ஈறு வெளுத்தால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால்.

இந்த வார வீட்டுப்பாடம் மூன்றே வேலை. தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து, அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். உங்கள் பகுதியில் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று விசாரித்து, அந்த எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பிறகு செல்லத்தைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்து, அதன் எடையைக் குறித்து வையுங்கள். மாதா மாதம் இதைச் செய்தால், அது வாய்விட்டுச் சொல்லாததை அந்த எண் சொல்லிவிடும்.

அடுத்த வாரம்: பூனைக்கு மாத்திரை கொடுப்பது எப்படி, கீறல் வாங்காமல்?