உட்கார முடியாத நோயும் வாய் திறக்காத வெட்கமும்

தோட்டத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நாலு லயத்துக்கும் தெரிந்துவிடும். ஆனால் ஒரு நோய் உண்டு. அது கண்டவர் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. பிட்டங்களின் பிளவிலே, வால் எலும்புக்குப் பக்கத்தில் உண்டாகும் புழைப்புண்ணைத்தான் சொல்கிறோம். டாக்டர்கள் இதனைப் பைலோனிடல் சைனஸ் என்பார்கள். லத்தீன் மொழியில் 'மயிர்க்கூடு' என்று பொருள்.

எங்கள் டிவிஷனில் பால் லாரி ஓட்டும் இளைஞர் ஒருவர் ஐந்து மாதம் இதை மறைத்து வைத்தார். மூலம் என்று எண்ணிக் கண்ட களிம்பையும் பூசினார். ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தே லாரி ஓட்டினார். கடைசியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீழ்க்கட்டியைக் கீறினார்கள், பிறகு அறுவைச் சிகிச்சையும் செய்தார்கள், புண் ஆற வாரக்கணக்காயிற்று. "முன்பே சொல்லக்கூடாதா, தம்பி?" என்று கேட்டோம். "எந்த இடத்தை யாரிடம் காட்டுவது, கிராணி ஐயா?" என்றார்.

இந்த வெட்கத்துக்கு நியாயம் உண்டா? இல்லவே இல்லை என்கிறோம். இது ஒழுக்கக்கேட்டால் வருவதல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. உதிர்ந்த முடி பிளவிலே சேர்ந்து, உராய்வினால் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. உடல் அதை எதிர்க்கிறது. கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கிறது. முடி வெளியிலிருந்து நுழையும் என்பதற்கு முடிதிருத்தும் தோழர்களே சாட்சி. வாடிக்கைக்காரரின் வெட்டுமுடி அவர்கள் விரலிடுக்கில் குத்தி, இதே மாதிரிப் புண்ணை உண்டாக்குவதுண்டு.

இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் 1945 வரை, அமெரிக்க ராணுவத்தில் ஏறக்குறைய 80,000 பேர் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். குலுங்கும் வண்டியில் நெடுநேரம் போனவர்களுக்கு வந்ததால், 1944-இல் ஒரு டாக்டர் இதற்கு 'ஜீப் நோய்' என்றே பெயர் வைத்தார். படைவீரனுக்கு வந்தால் போர்க்கால நோய். லாரிக்காரருக்கு வந்தால் மட்டும் அவமானமா?

பருவ வயதிலிருந்து நாற்பதுக்குள் இருப்போருக்கே இது பெரும்பாலும் வரும். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். உடலில் அடர்ந்த முடி, பருத்த தேகம், ஆழமான பிளவு, குடும்பத்தில் முன்பே யாருக்காவது இருந்தது, நெடுநேரம் உட்கார்ந்தே செய்யும் வேலை ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். ஆகவே செக்ரோல் எழுதும் கிராணிகளும், டிராக்டர், லாரி ஓட்டுவோரும் விழிப்பாக இருக்க வேண்டும். நிரையில் நடந்து மரம் வெட்டுவோரும் தமக்கு இல்லை என்று இருந்துவிட வேண்டாம். வியர்வையும் உராய்வும் அவர்களுக்கும் உண்டு.

தடுக்கும் வழிகள் எளியவை. வேலை முடிந்ததும் குளித்து, அந்த இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். முடி வெட்டிக்கொண்ட அன்று முதுகில் வெட்டுமுடி தங்காதபடி குளித்துவிட வேண்டும். வியர்த்த கால்சட்டையோடு கிடக்கலாகாது. இறுக்கமான உடுப்பும் வேண்டாம். உட்கார்ந்து வேலை செய்வோர் அவ்வப்போது எழுந்து நாலடி நடக்க வேண்டும். உடல் எடையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். முடியை நீக்குவதானால் டாக்டரைக் கேட்டுச் செய்க; கத்தியால் கீறிக்கொண்டு புதுப் புண்ணைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

வால் எலும்பருகே சிறு துளையோ, வலியோ, வீக்கமோ, கசிவோ கண்டால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். தானே பிதுக்க வேண்டாம். குணமானபின்னும் கவனம் தேவை. இது திரும்பி வரக்கூடிய நோய்.

நிர்வாகத்துக்கும் ஒரு சொல். பஞ்சு பிய்ந்து கம்பி தெரியும் லாரி இருக்கையை மாற்ற எவ்வளவு செலவாகும்? ஓட்டுநர் இறங்கி நடக்கப் பத்து நிமிடம் கொடுத்தால் தோட்டம் நஷ்டப்பட்டுவிடுமா? சங்கக் கிளைகள் இவற்றைக் கேட்க வேண்டும். சம்பளம் போய்விடும் என்று அஞ்சி நோயை மறைப்போரும் ஒன்றை அறிக. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, 1.1.2023 முதல் தீபகற்ப மலேசியாவில் ஆஸ்பத்திரியில் தங்குவதற்கான 60 நாள் வரையிலான சம்பள விடுப்பு, சாதாரண நோய் விடுப்பில் கழியாது, அது தனி.

லாரித் தம்பி இப்போது நேராக உட்கார்ந்து ஓட்டுகிறார். சென்ற மாதம் வேறொரு இளைஞரை அவரே கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அந்த இளைஞர் மறைத்தது ஒரே வாரந்தான். தோழர்களே, அந்த ஒரு வாரமும் வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.