நடவுக்கு முன் ஒரு கணக்கு

சின்ன வெங்காயத்தின் விலை ஏறும் காலத்தில் விதை வெங்காயத்தின் விலையும் கூடவே ஏறுகிறது. மண்டி விலையைக் கண்டு ஊரே வெங்காயம் நடுகிறது. இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து எல்லோருடைய வெங்காயமும் ஒரே சமயத்தில் மண்டிக்கு வரும்போது விலை சரிந்து விடுகிறது. பெரம்பலூர், நாமக்கல், திண்டுக்கல் மாவட்ட விவசாயிகளுக்கு இது பழகிப்போன அனுபவம். நெல்லுக்கு இருப்பது போன்ற குறைந்தபட்ச ஆதரவு விலை வெங்காயத்துக்குக் கிடையாது. எனவே விலை வீழ்ந்தால் விவசாயியைத் தாங்குவதற்கு அவர் முன்கூட்டிப் போட்டு வைத்த கணக்கு ஒன்றுதான் உண்டு.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். அறுவடைக்குப் பின் பார்க்கும் கணக்கு அப்படித்தான் இருக்கும். செலவழித்து முடித்த பணத்தை எழுதிப் பார்ப்பதால் மனவருத்தம் தவிர வேறு பயன் இல்லை. விதை வாங்கும் முன், நகையை அடகு வைக்கும் முன், குத்தகை பேசும் முன் பார்க்கும் கணக்கே பயன் தரும். அதற்குக் கணினியில் உள்ள விரிதாள் நல்ல துணையாகும். எக்செல் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற இருவர் விசிகால்க் என்னும் விரிதாளை வெளிக்கொணர்ந்தனர். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டல், பெருக்கல் எல்லாம் தாமாகவே மாறிவிடும் என்பதே அதன் சிறப்பு. இந்த வசதி வியாபாரிகளுக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு விவசாயிக்கும் தேவை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் சின்ன வெங்காயத்துக்கு விதை 600 கிலோ, கிலோ ரூ.50 வீதம் ரூ.30,000. உழவும் பாத்தி கட்டுதலும் ரூ.8,000. தொழு உரம், இரசாயன உரம் ரூ.10,000. பயிர்ப் பாதுகாப்பு ரூ.6,000. நடவு, களை, அறுவடைக் கூலி ரூ.24,000. அந்தப் பருவத்துக்கான குத்தகை ரூ.7,000. வட்டி ரூ.3,000. மொத்தம் ரூ.88,000. இவை தவிர சாக்கு, வண்டி வாடகை, கமிஷன் ஆகியவற்றுக்குக் கிலோவுக்கு ரூ.2 ஆகும் என்று கொள்வோம். விவசாயிகள் தத்தம் ஊர் நிலவரப்படி இந்த எண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். குடும்பத்தார் செய்யும் வேலைக்கும் கூலி போட வேண்டும். அதை விட்டுவிட்டால் நட்டமும் இலாபம் போலத் தோன்றும்.

இதை வைத்து மூன்று நிலைகளை அடுத்தடுத்து எழுதிப் பார்க்கலாம். நல்ல நிலையில் 5,500 கிலோ விளைந்து ரூ.35-க்கு விற்றால் ரூ.93,500 மிஞ்சும். நடுத்தர நிலையில் 5,000 கிலோ விளைந்து ரூ.30-க்கு விற்றால் ரூ.52,000 மிஞ்சும். மோசமான நிலையில் 4,000 கிலோ மட்டும் விளைந்து ரூ.18-க்கு விற்றால் ரூ.24,000 நட்டம். பெரும்பாலோர் முதல் இரண்டு நிலைகளை மனத்தில் வைத்தே நடவு செய்கிறார்கள். ஆனால் நடலாமா, எவ்வளவு நடலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது மூன்றாவது நிலைதான். அந்த ரூ.24,000 போனால் குடும்பம் தாங்குமா என்பதே முதல் கேள்வி.

விரிதாளில் 'கோல் சீக்' என்றொரு வசதி உண்டு. வேண்டிய விடையை முதலில் சொல்லிவிட்டு, அதற்கு எந்த எண் எவ்வளவாக இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கேட்பது இது. இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற நிலைக்கு என்ன விலை வேண்டும் என்று கேட்டால், 5,000 கிலோ விளைச்சலுக்கு ரூ.19.60 என்றும், 4,000 கிலோ விளைச்சலுக்கு ரூ.24 என்றும் விடை வரும். இது தெரிந்திருப்பது நல்லது. ஆயினும் விலை விவசாயியின் கையில் இல்லை. விளைச்சலும் முழுவதும் அவர் கையில் இல்லை. ஏக்கருக்கு 7,000 கிலோ வேண்டும் என்று கணினி சொல்லிவிடலாம். அவ்வளவு விளையும் என்று அதற்குப் பொருள் அல்ல. கணினிக்கு மண்ணும் தெரியாது, மழையும் தெரியாது.

ஆகவே தம் கையில் உள்ளதைப் பற்றியே பின்னோக்கிக் கேட்க வேண்டும். மோசமான நிலையிலும் நட்டம் வராதிருக்க விதையை என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று கேட்டால், கிலோ ரூ.10 என்று விடை வருகிறது. அந்த விலைக்கு விதை கிடைக்காது. குத்தகையை அடியோடு தள்ளுபடி செய்தாலும் ரூ.17,000 நட்டம் நிற்கும். விதையிலும் குத்தகையிலும் மட்டும் சிக்கனம் பார்த்துத் தப்ப முடியாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. அடுத்து, குடும்பம் தாங்கக்கூடிய நட்டம் ரூ.12,000 என்று வைத்து, எத்தனை ஏக்கர் நடலாம் என்று கேட்டால் அரை ஏக்கர் என்று விடை வரும். இந்த விடை விவசாயியின் கைக்குள் உள்ளது. மீதி அரை ஏக்கரில் கைச்செலவு குறைந்த உளுந்தோ மக்காச்சோளமோ போடலாம். அதற்கும் இதே போல் தனிக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். விதை மூலம் நாற்றுவிட்டு நடக்கூடிய கோ.ஆன் 5 வெங்காய ரகத்தை இன்னொரு நிலையாக எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது.

எக்செல்லில் 'டேட்டா' பகுதியில் 'வாட் இஃப் அனாலிசிஸ்' என்பதன் கீழ் இந்த வசதி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் 'டூல்ஸ்' பகுதியில் உள்ளது. ஒரு தடவைக்கு ஓர் எண்ணை மட்டுமே இது தேடித் தரும். இலாபம் என்ற கட்டத்தில் விடையை நேராக எழுதிவிடாமல் சூத்திரமாக எழுதியிருக்க வேண்டும். விளைச்சலை விலையால் பெருக்குவதற்கு முன் விலையில் விற்பனைச் செலவைக் கழித்து, பெருக்கி வந்த தொகையில் சாகுபடிச் செலவைக் கழிப்பதே சூத்திரம். பரப்பைத் தேட வேண்டுமானால் இவ்வாறு வரும் ஏக்கர் இலாபத்தைப் பரப்பால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் இதைச் செய்து தருவார்கள். கணினி இல்லாதவர்கள் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டு எழுதினாலும் போதும். நேரம் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கடந்த மூன்று, நான்கு பருவங்களில் தாம் பெற்ற மிகக் குறைந்த விளைச்சலையும் மிகக் குறைந்த விலையையும் கமிஷன் மண்டிச் சீட்டுகளிலிருந்து எடுத்து, மூன்றாவது பத்தியில் எழுதிவிட்டு, அதன் பிறகு விதை வியாபாரியிடம் போவதே சிறு விவசாயிகளுக்கு உகந்தது.