இசை காட்சியின் கொத்தடிமையா?

பின்னணி இசை காட்சிக்காகவே பிறந்தது, ஆதலால் அதைத் தனித் தொகுப்பாகக் கேட்டு, சங்கீத சாஸ்திரம் பயிலாத ரசிகர்கள் அபிப்பிராயம் உரைப்பது வீண் என்பது வித்வான்கள் முதல் வள்ளூர் அனல்மின் நிலையத்தருகேயுள்ள தேநீர்க் கடைவரை பரவியுள்ள வாதம். அதைப் படிப்படியாய்ப் பரிசீலிப்போம்.

1. இளையராஜா 1986-இல் எந்தக் காட்சியையும் கருதாது இயற்றிய ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பின் இசையையே, பாடல் ஒன்றுமில்லாத தமது ‘வீடு’ படத்துக்குப் பாலு மகேந்திரா 1988-இல் பின்னணியாக்கினார். காட்சியின்றிப் பிறந்த இசை காட்சியோடு இசைந்து வாழுமெனில், காட்சிக்கெனப் பிறந்தது தனித்து வாழலாகாதோ?

2. 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில், பாடல்களுக்கென வேறொரு விருது இருக்க, ‘பழசிராஜா’வின் பின்னணி இசைக்காக இளையராஜா கௌரவிக்கப்பட்டார். பிரித்து மதிப்பிட இயலாததென்றால், அவ்விருதுக்கு அர்த்தம் யாது?

3. அந்த அனல்மின் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்துப் பேருந்துக்குக் காத்திருக்கும் தொழிலாளி, பின்னணி இசை ஒலிக்கும் ஹெட்போனின் ஒரு முனையை நண்பன் காதில் செருகி, “தாளம் நின்னுச்சு பாரு, அங்கதாண்டா பயமே வருது” என்கிறான். இராகத்தின் நாமம் அறியாவிடினும், மௌனத்தின் பிரயோஜனத்தை அறிந்த அவனுக்கு வேறென்ன யோக்கியதை வேண்டும்?

4. அபிமான நடிகரின் படமென்றால் ரசிகர்கள் மிகையாகப் புகழ்கிறார்களாம். மெய்தான், ஆயினும் அது பட்சபாதத்தின் குற்றமேயன்றிச் செவியின் குற்றமன்று. பட்சபாதம் சாஸ்திரம் கற்றவர்களை மட்டும் தீண்டுவதில்லையா?

இசைத் தொகுப்பைக் கேட்பதற்கென்று விலைக்கு விற்றுவிட்டு, கேட்டவனை வாய்மூடச் சொல்வது நியாயமன்று.