அரங்கம் கிடைக்காத கலை

திரைப்படம் எடுக்கப் பொருள் வேண்டும். எடுத்த படம் மக்களைச் சென்றடைய அரங்கம் வேண்டும். இவ்விரண்டும் ஒருசிலர் கையிலேயே இருக்கும் நாட்டில், தன் மனச்சான்றுக்கு உகந்ததையே படைப்பேன் என்று உறுதி பூணும் கலைஞன் என்ன பாடுபடுவான் என்பதற்கு ஜான் கசாவெட்டிஸின் வாழ்க்கையே சான்று. நடிகர், எழுத்தாளர், இயக்குநர் என மூன்று நிலைகளிலும் சிறந்து, மூன்றிலும் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற அந்த அமெரிக்கரை உலகம் இன்று போற்றுகிறது. போற்றுதல் எளிது. அவர் பட்ட பாட்டுக்குக் காரணம் எது என்று ஆராய்வதே நம் கடமை.

கிரேக்க மரபைச் சேர்ந்த குடும்பத்தில் 1929-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், தொலைக்காட்சி நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றவர். 1957-இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பேசியபோது, எளிய மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் அதற்கு மக்களே பொருள் தரலாமே என்றார். நேயர்கள் அனுப்பிய சிறு தொகைகள் சேர்ந்து ஏறக்குறைய 2,000 டாலர் ஆயிற்று. நிறவெறி ஒரு குடும்பத்தின் அன்பையும் காதலையும் எவ்வாறு சிதைக்கிறது என்று காட்டும் ‘ஷேடோஸ்’ அவ்வாறு பிறந்தது. முதல் வடிவத்தைச் சிலர் பாராட்டிய பின்னும் அவர் மனம் நிறைவடையவில்லை. பெரும்பகுதியை 1959-இல் மீண்டும் படமாக்கினார். 1960-இல் வெனிஸ் விழாவில் விமர்சகர் விருது கிடைத்தது. ஆயினும் படத்தை வெளியிட முன்வந்தது ஒரு பிரிட்டிஷ் நிறுவனமே. தாய்நாட்டு நிறுவனம் எதுவும் அதை நாடி வரவில்லை.

பின்னர் ஹாலிவுட் அவரை அழைத்தது. 1963-இல் வெளியான ‘எ சைல்ட் இஸ் வெயிட்டிங்’ மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பற்றியது. அக்குழந்தைகளிடம் குறையொன்றும் இல்லை, அவர்களை ஏற்காத உலகிடமே குறை உள்ளது என்பது கசாவெட்டிஸின் கருத்து. தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர் அதற்கு இசையவில்லை. படத்தொகுப்பு இயக்குநரின் கையை விட்டுப் போயிற்று. திரையில் பெயர் மட்டும் நின்றது. அந்தப் படத்தைத் தன் படைப்பாக ஏற்க அவர் மறுத்தார்.

அதன்பின் அவர் தேர்ந்த வழி கடினமானது. பிறர் படங்களில் நடித்து ஈட்டிய ஊதியத்தைத் தம் படங்களுக்குச் செலவிட்டார். ‘தி டர்ட்டி டஜன்’ அவருக்கு நடிப்புக்கான ஆஸ்கர் பரிந்துரையைத் தந்தது. ‘ரோஸ்மேரிஸ் பேபி’ உலகப் புகழைத் தந்தது. நடிப்பால் வந்த பொருள் ‘ஃபேசஸ்’ படத்துக்குச் சென்றது. 1965-இல் சொந்த வீட்டிலேயே படப்பிடிப்பு நடத்திய அவர், தொகுப்புப் பணியில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உழைத்தார். 1968-இல் வெளிவந்த அப்படம் மூன்று ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது.

‘எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ அவ்வழியின் உச்சம். ஒரு தொழிலாளியின் மனம் நிலைகுலையும் மனைவியைப் பற்றிய கதைக்கு எந்தத் திரை நிறுவனமும் பொருள் தரவில்லை. கசாவெட்டிஸ் வீட்டை அடகு வைத்தார். நண்பரும் அப்படத்தின் நடிகருமான பீட்டர் ஃபாக் 5 லட்சம் டாலர் கொடுத்தார். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் உடன் உழைத்தனர். மனைவி ஜீனா ரோலண்ட்ஸ் நாயகியாக நடித்தார். படம் முடிந்த பின்னும் விநியோகிக்க ஆளில்லை. ஆகவே அவரே ஒரு நிறுவனம் அமைத்து, அரங்க உரிமையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, 1974-இல் படத்தை வெளியிட்டார். மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை ஆகிய பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. மக்களுக்குப் பிடிக்காது என்று வணிகர்கள் சொன்ன தீர்ப்பை மக்களே பொய்யாக்கினர்.

ஆனால் ஒவ்வொரு முறையும் அவ்வாறு நிகழவில்லை. மேடை நடிகை ஒருத்தி முதுமையை எதிர்கொள்ளும் துயரைச் சொல்லும் ‘ஓப்பனிங் நைட்’ 1977-இல் முடிந்தது. அதில் நடித்தமைக்காக ஜீனா ரோலண்ட்ஸ் 1978-இல் பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக்கரடி விருது பெற்றார். அமெரிக்க அரங்குகளில் அப்படம் முறையாக வெளியானதோ 1991-இல். கசாவெட்டிஸ் மறைந்து இரண்டாண்டுகள் கழிந்த பின்னர். அயல்நாடு முடிசூட்டிய படைப்பைக் காணும் வாய்ப்பு சொந்த நாட்டு மக்களுள் பெரும்பாலோருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் மறுக்கப்பட்டது. இதைவிடப் பெரிய பண்பாட்டு இழப்பு வேறென்ன?

1980-இல் வெனிஸின் தங்கச் சிங்கத்தையும் 1984-இல் பெர்லினின் தங்கக் கரடியையும் வென்ற அவர், 1989 பிப்ரவரியில் 59 வயதில் காலமானார். குறைந்த செலவில் எடுக்கப்படும் படங்களுக்கு அவர் பெயரில் விருது வழங்கப்படுகிறது. அவர் படங்கள் சிலவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துள்ளது. இந்தச் சிறப்புகளைக் கண்டு நிறைவடைவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கசாவெட்டிஸிடம் நடிகருக்குரிய ஊதியம் இருந்தது. அடகு வைக்க வீடு இருந்தது. நம்பிக் கொடுக்க நண்பர் இருந்தார். இவை மூன்றும் இல்லாமையால் முதல் படத்தையே எடுக்க இயலாமற்போனோர் எத்தனை பேர்? எடுத்தும் வெளியிட இயலாது பெட்டிக்குள் பூட்டி வைத்தோர் எத்தனை பேர்? அவர்களை எந்தப் பதிவேடும் அறியாது.

ஆகவே கலைஞனின் தியாகத்தைப் புகழ்வதோடு நின்றுவிடலாகாது. அத்தியாகத்தைக் கட்டாயமாக்கிய நிலையை மாற்றுவதே அறம். தனித்து இயங்கும் படைப்பாளியின் படத்துக்கு அரங்குகள் குறிப்பிட்ட காட்சிகளை ஒதுக்க வேண்டும். பொதுப்பணத்தால் நடைபெறும் திரைப்பட நிறுவனங்கள் தயாரிப்புக்கு உதவுவதோடு வெளியீட்டுக்கும் துணைநிற்க வேண்டும். இயக்குநரின் இசைவின்றி அவர் படத்தை வெட்டக்கூடாது என்பது ஒப்பந்தங்களில் இடம்பெற வேண்டும். படச்சுருள்களைப் பாதுகாக்கும் பொறுப்பைக் கலைஞனின் குடும்பத்தின் மீது சுமத்தாமல் அரசுகள் ஏற்க வேண்டும்.

காண்போருக்கும் ஒரு கடமை உண்டு. விளம்பரத்தின் ஆரவாரமின்றி வரும் நல்ல படத்தை அது அரங்கில் இருக்கும்போதே சென்று காண வேண்டும். மறைந்த கலைஞனுக்குச் சூட்டும் மாலை, வாழும் கலைஞனின் கடனைத் தீர்க்காது. வாழும்போதே அவன் படைப்புக்கு அரங்கமும் அவையும் அளிக்கும் சமூகமே கலையை மதிக்கும் சமூகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் தகுதி உடையது.